சுகாதாரத் தொழில்களின் உரிம வாரியங்கள்: மாநிலச் சட்டத்தில் எந்தப் பிரிவை முதலில் வாசிப்பது?

கயல்விழி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் அமெரிக்காவில் செவிலியராகப் பணிபுரிகிறேன். நான் வசிக்கும் மாநிலத்தில் மருத்துவர், செவிலியர், பிசியோதெரபிஸ்ட் ஆகியோரின் உரிம வாரியங்களை அமைத்த சட்டங்கள் இந்த ஆண்டு மறுஆய்வுக்கு வருகின்றன. சட்டமன்றக் குழு பொதுமக்களிடம் எழுத்துமூலம் கருத்துக் கேட்டிருக்கிறது. இங்குள்ள தமிழ்ச் சுகாதாரப் பணியாளர்கள் சேர்ந்து ஒரு கருத்துரை அனுப்ப முடிவு செய்து, வரைவு எழுதும் பொறுப்பை என்னிடம் ஒப்படைத்திருக்கிறார்கள்.

எங்கள் கூட்டத்தில் பேசியவர்களில் பெரும்பாலோர் சொன்னது ஒரே குறை: உரிமம் கைக்கு வரத் தாமதமாகிறது. அதில் நியாயம் இருக்கிறது. இந்தியாவில் படித்த ஒரு செவிலியர் தம் சான்றிதழ்களை மதிப்பீட்டுக்கு அனுப்பி, ஆங்கிலத் தேர்வு எழுதி, என்கிளெக்ஸ் என்ற செவிலியர் உரிமத் தேர்விலும் தேறிய பிறகு, தாம் முதலில் பதிவு செய்த கவுன்சிலிலிருந்து நேராக வர வேண்டிய ஒரு சரிபார்ப்புக் கடிதத்துக்காகக் காத்துக் கிடக்கிறார். வாரியத்தின் இணையதளத்தில் மற்ற எல்லா ஆவணங்களுக்கும் எதிரே 'பெறப்பட்டது' என்றிருக்க, அந்த ஒன்றுக்கு எதிரே மட்டும் 'நிலுவை' என்று நிற்கிறது. கடிதம் வழியில் தொலைந்ததா, வாரியத்தின் அஞ்சல் அறையில் பிரிக்கப்படாமல் கிடக்கிறதா என்று சொல்ல ஆள் இல்லை.

ஆனால் மசோதாவின் நகலை முழுவதும் படித்தபோது, இதைவிட ஆழமான விஷயங்கள் அதில் தீர்மானிக்கப்படுவதாகத் தோன்றியது. வாரியத்தில் யார் அமர்வது, அவர்களை யார் நியமிப்பது, புகார் வந்தால் யார் விசாரிப்பது, அந்த முடிவை யார் மேற்பார்வையிடுவது என்பதெல்லாம் அதில் இருக்கின்றன. தாமதத்தைப் பற்றி மட்டும் எழுதி அனுப்பிவிட்டு, பல ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் வாய்ப்பைக் கைநழுவ விட்டுவிடக் கூடாது என்று நினைக்கிறேன். விவரம் அறிந்தவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

மருதமுத்து எழுதியது:

வணக்கம், சகோதரி. நான் நிர்வாகச் சட்டத்துறையில் வழக்கறிஞராக இருக்கிறேன்.

அமெரிக்காவில் மருத்துவத் தொழிலுக்கு உரிமம் வழங்கும் அதிகாரம் மாநிலங்களுடையது. கூட்டாட்சி அரசு எந்த மருத்துவருக்கும் செவிலியருக்கும் தொழில் உரிமம் தருவதில்லை. இந்த அதிகாரத்தை உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது 1889ஆம் ஆண்டில், டென்ட் எதிர் மேற்கு வர்ஜீனியா என்ற வழக்கில். அந்த மாநிலத்தின் 1882ஆம் ஆண்டுச் சட்டம் மூன்று வழிகளை வைத்திருந்தது: நற்பெயருள்ள மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றிருக்க வேண்டும், அல்லது அம்மாநிலத்தில் பத்து ஆண்டுகள் தொடர்ந்து தொழில் செய்திருக்க வேண்டும், அல்லது தேர்வில் தேற வேண்டும். மருத்துவர் டென்ட் 1876 முதல்தான் தொழில் செய்துவந்தார். அவர் காட்டிய பட்டத்தை வாரியம் ஏற்கவில்லை. வாரியத்தின் சான்று இல்லாமல் தொழில் செய்ததற்காக அவரைத் தண்டித்தது சரியே என்று நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. இந்த வழக்கில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. எந்தக் கல்லூரி 'நற்பெயருள்ளது' என்பதைச் சட்டம் சொல்லவில்லை, வாரியம்தான் சொன்னது. சட்டமன்றம் ஓர் இடைவெளியை விட்டால், அதை நிரப்புகிறவர்கள் வாரியத்தில் இருப்பவர்கள். அன்று தொடங்கி இன்று வரை அப்படித்தான்.

ஆகவே என் ஆலோசனை இது. தொழிலின் வரையறை, தகுதிகள், கட்டணம், ஒழுங்கு நடவடிக்கை என்று பல பிரிவுகள் இருந்தாலும், வாரியத்தின் அமைப்பைப் பற்றிய பிரிவை முதலில் படியுங்கள். எத்தனை உறுப்பினர்கள், அவர்களில் எத்தனை பேர் அதே தொழிலில் இன்று சம்பாதிப்பவர்கள், அவர்களை ஆளுநர் நியமிக்கிறாரா, தொழிலில் உள்ளவர்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்களா, அவர்களை நீக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்று பாருங்கள். மற்ற பிரிவுகள் நடைமுறையில் எப்படி நடக்கும் என்பதை அந்த ஒரு பிரிவே பெரும்பாலும் தீர்மானித்துவிடும்.

இளங்கோவன் எழுதியது:

நான் உள்நோய் மருத்துவர். இந்தியாவில் எம்பிபிஎஸ் முடித்து, இங்கே உறைவிடப் பயிற்சி (ரெசிடென்சி) பெற்றவன். வழக்கறிஞர் ஐயா சொல்வதை மதிக்கிறேன். ஆனால் ஒரு கருத்தை இப்போதே பதிவு செய்ய விரும்புகிறேன். ஒரு மருத்துவர் நோயாளிக்கு அளித்த சிகிச்சை தரத்திற்குக் குறைந்ததா என்பதை மருத்துவம் படித்தவரால்தான் சரியாக எடைபோட முடியும். நோயாளி இறந்துவிட்டார் என்பதாலேயே சிகிச்சை தவறாகிவிடாது. பிழைத்துக்கொண்டார் என்பதாலேயே சரியாகிவிடவும் செய்யாது. இந்த வேறுபாட்டை அறிந்தவர்கள் வாரியத்தில் பெரும்பான்மையாக இருப்பது நோயாளிக்கும் பாதுகாப்பு.

வெளிநாட்டில் படித்தவர்களைப் பற்றியும் எழுதுங்கள். அமெரிக்காவில் படித்தவருக்கு ஓராண்டு முதுநிலைப் பயிற்சி போதும் என்று சொல்லும் பல மாநிலச் சட்டங்கள், வெளிநாட்டில் படித்தவரிடம் இரண்டு அல்லது மூன்று ஆண்டுகள் கேட்கின்றன. இரு தரப்பினரும் எழுதுவது ஒரே யுஎஸ்எம்எல்இ என்ற மருத்துவர் உரிமத் தேர்வுதான். வெளிநாட்டில் முழுப் பயிற்சி முடித்தவர்கள் இங்கே மறுபடியும் உறைவிடப் பயிற்சி செய்யாமலே தற்காலிக உரிமம் பெற்று, மேற்பார்வையில் பணிபுரிய 2023இல் டென்னசி சட்டமன்றம் வழி செய்தது. பிறகு வேறு சில மாநிலங்களும் அவ்வழியில் சென்றன. இது சட்டமன்றம் நேரடியாகச் செய்த மாற்றம்.

மருதமுத்து எழுதியது:

மருத்துவர் ஐயா சொன்ன கடைசி வாக்கியமே என் வாதத்துக்கும் துணை நிற்கிறது. தொழிலுக்குள் நுழையும் வாசலைத் திறப்பதும் மூடுவதும் உள்ளே இருப்பவர்களின் கையில் மட்டும் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு வட கரோலினாவின் பல் மருத்துவ வாரியத்தைப் பார்க்கலாம்.

அந்த வாரியத்தில் எட்டுப் பேர். ஆறு பேர் தொழில் செய்துகொண்டிருக்கும் பல் மருத்துவர்கள். அவர்களைத் தேர்ந்தெடுத்தவர்களும் பல் மருத்துவர்களே. ஒருவர் பல் சுகாதாரப் பணியாளர். மீதமிருந்த ஒரே ஒருவர்தான் பொதுமக்கள் தரப்பில் ஆளுநர் நியமித்தவர். 2003 வாக்கில், பல் மருத்துவர் அல்லாதவர்கள் வணிக வளாகங்களில் பல் வெண்மையாக்கும் சேவையைக் குறைந்த விலையில் தரத் தொடங்கினார்கள். பல் மருத்துவர்கள் வாரியத்திடம் புகார் செய்தார்கள். அந்தப் புகார்களில் வாடிக்கையாளருக்குத் தீங்கு நேர்ந்தது என்று சொன்னவை மிகச் சில. பெரும்பாலானவற்றின் கவலை விலை குறைவாக இருந்தது பற்றியே என்று உச்ச நீதிமன்றத் தீர்ப்பே பதிவு செய்கிறது. 2006 முதல் வாரியம் குறைந்தது 47 கடிதங்களை அனுப்பி, தொழிலை நிறுத்தச் சொன்னது. கடை வாடகைக்கு விட்ட வணிக வளாக உரிமையாளர்களுக்கும் கடிதம் போனது. பல் வெண்மையாக்குவது பல் மருத்துவத்துக்குள் அடங்கும் என்று அந்த மாநிலச் சட்டத்தில் எங்கும் சொல்லப்படவில்லை என்பதுதான் இதில் முக்கியம். வாரியம் விதி எதையும் முறைப்படி இயற்றவும் இல்லை. கடிதங்களாலேயே காரியத்தை முடித்தது.

வணிகப் போட்டியைக் காக்கும் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் 2010இல் வாரியத்தின் மீது நடவடிக்கை எடுத்தது. 2015 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்ற பெரும்பான்மையில் வாரியத்துக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. வாரியத்தின் முடிவைத் தீர்மானிக்கும் எண்ணிக்கையில் இருப்பவர்கள் அதே சந்தையில் தொழில் செய்பவர்களாக இருந்தால், மாநிலம் அந்த வாரியத்தை உண்மையாக மேற்பார்வையிட்டால் மட்டுமே வணிகப் போட்டியை முடக்குவதைத் தடுக்கும் சட்டங்களிலிருந்து அதற்கு விலக்கு உண்டு என்பது தீர்ப்பின் சாரம். மேற்பார்வை எப்படி இருக்க வேண்டும் என்பதையும் நீதிமன்றம் சொன்னது. நடைமுறை சரியாகப் பின்பற்றப்பட்டதா என்று பார்த்தால் போதாது. முடிவின் உள்ளடக்கத்தையே பார்க்க வேண்டும். மேற்பார்வையிடுபவருக்கு அந்த முடிவை ரத்து செய்யவோ மாற்றவோ அதிகாரம் இருக்க வேண்டும். அவர் அதே தொழிலில் இருப்பவராக இருக்கக் கூடாது. மேற்பார்வையிட முடியும் என்று ஏட்டில் மட்டும் இருப்பது மேற்பார்வை ஆகாது.

இதைப் போன்றதொரு நிலை அலபாமாவில் இன்னும் முன்பே எழுந்தது. அங்கே கண்பார்வைப் பரிசோதகர் வாரியம் முழுவதும் தனியாகத் தொழில் நடத்துபவர்களால் ஆனது. நிறுவனத்தில் சம்பளத்துக்கு வேலை பார்த்த சக பரிசோதகர்களின் உரிமங்களைப் பறிக்க அந்த வாரியமே விசாரணை தொடங்கியது. வாரிய உறுப்பினர்களுக்கு அந்த வழக்கின் முடிவில் சொந்தப் பண நலன் இருந்ததால் அவர்கள் நீதி வழங்கத் தகுதியற்றவர்கள் என்ற கீழ் நீதிமன்றத்தின் முடிவை, 1973இல் கிப்சன் எதிர் பெரிஹில் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது.

தொழில் அறிவு உள்ளவர்கள் வாரியத்தில் வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. அவர்களுக்கு மேலே ஒரு கண் வேண்டும் என்கிறேன். 2015 தீர்ப்புக்குப் பிறகு ஓக்லஹோமா ஆளுநர் அந்த ஆண்டே ஓர் ஆணை பிறப்பித்து, வாரியங்களின் உரிம, ஒழுங்கு நடவடிக்கைகளை மாநிலத் தலைமை வழக்கறிஞரின் பரிசீலனைக்கு அனுப்பச் செய்தார். ஜார்ஜியா 2016இல் அந்த மேற்பார்வையைச் சட்டப்படி ஆளுநரிடமே ஒப்படைத்தது. கயல்விழி அவர்களின் மாநில மசோதாவில் இதற்கென ஒரு பிரிவு இருக்கிறதா என்று தேடிப் பார்க்க வேண்டும்.

கயல்விழி எழுதியது:

தேடிப் பார்த்தேன், ஐயா. வாரியம் ஆண்டுதோறும் ஆளுநருக்கு அறிக்கை அனுப்ப வேண்டும் என்று ஒரு வரி இருக்கிறது. அறிக்கையைப் பெற்றவர் என்ன செய்ய வேண்டும் என்று எதுவும் இல்லை.

தாமரைச்செல்வி எழுதியது:

நான் சுகாதாரத் துறையைச் சேர்ந்தவள் அல்ல. ஒரு நோயாளியின் மகளாக எழுதுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் என் தந்தையாரின் அறுவை சிகிச்சைக்குப் பிறகு நடந்தவற்றைக் குறித்து நாங்கள் வசித்த மாநிலத்தின் வாரியத்தில் புகார் அளித்தோம். மருத்துவமனைப் பதிவுகளை நாங்களே பக்க எண் இட்டு, எந்த நேரத்தில் எந்த மாற்றம் தெரிந்தது, யாரிடம் சொன்னோம் என்று அட்டவணை போட்டு அனுப்பினோம். நீண்ட காலம் கழித்து ஒரு பக்கக் கடிதம் வந்தது. புகார் ஆராயப்பட்டது, சட்டமீறல் எதுவும் காணப்படவில்லை, கோப்பு மூடப்படுகிறது, விசாரணை விவரங்கள் சட்டப்படி இரகசியமானவை என்று அதில் இருந்தது. எங்களை யாரும் அழைத்து ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. எங்கள் அட்டவணையை யாராவது திறந்து பார்த்தார்களா என்பதும் எங்களுக்குத் தெரியாது. மருத்துவர் தவறு செய்தார் என்று தீர்ப்பு வர வேண்டும் என்று நாங்கள் அடம்பிடிக்கவில்லை. தவறு இல்லையென்றால் ஏன் இல்லை என்று இரண்டு வாக்கியங்களில் சொல்லியிருந்தால் என் தாயார் அந்தக் கடிதத்தைத் திரும்பத் திரும்ப எடுத்துப் படித்துக்கொண்டிருக்க மாட்டார்.

வாரியத்துக்கு மேலே ஒரு கண் வேண்டும் என்று மருதமுத்து ஐயா சொல்வதை நான் முழுமையாக ஆதரிக்கிறேன். வாரியத்துக்குள்ளேயே பொதுமக்கள் பிரதிநிதிகளும் வேண்டும் என்கிறேன். கலிபோர்னியாவின் மருத்துவ வாரியத்தில் 15 பேர். எட்டுப் பேர் மருத்துவர்கள், ஏழு பேர் பொதுமக்கள். 2023இல் அங்கே அந்த விகிதத்தைத் திருப்பி, பொதுமக்களைப் பெரும்பான்மையாக்கும் முயற்சி நடந்தது. மருத்துவர் சங்கத்தின் எதிர்ப்புக்குப் பிறகு மசோதாவிலிருந்து அது நீக்கப்பட்டது. ஆனால் அதே சட்டத்தின் மூலம், புகார் செய்தவர்களோடு தொடர்பில் இருப்பதற்கென்றே ஒரு தனிப் பிரிவு வாரியத்தில் அமைக்கப்பட்டது. நோயாளிகளின் குடும்பங்கள் பல ஆண்டுகள் மாநிலத் தலைநகரான சேக்ரமென்டோவுக்குப் போய் நின்று பேசியதால் கிடைத்தது இது.

மூன்று விஷயங்களை வரைவில் சேர்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன், கயல்விழி. புகாரை மூடும் முன் புகார் செய்தவரிடம் பேச வேண்டும். மூடினால் காரணத்தை எழுத வேண்டும். ஒழுங்கு நடவடிக்கை எடுக்கப்பட்ட மருத்துவரின் முழுப் பதிவும் வாரியத்தின் இணையதளத்தில், தேடினால் கிடைக்கும்படி இருக்க வேண்டும். கடைசி ஒன்று ஏன் முக்கியம் என்றால், தேசிய மருத்துவர் தரவு வங்கி என்று ஒன்று 1990 முதல் இயங்கிவருகிறது. சிகிச்சைப் பிழைக்காகக் கொடுக்கப்பட்ட இழப்பீடுகளும் உரிம நடவடிக்கைகளும் அதில் சேருகின்றன. மருத்துவமனைகள் ஒருவரைச் சேர்க்கும்போதும், அதன்பின் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறையும் அதைப் பார்க்கக் கடமைப்பட்டவை. ஆனால் அதிலுள்ள பெயர்களைப் பார்க்கும் உரிமை நோயாளிக்கு இல்லை. மாநில வாரியத்தின் இணையதளம் ஒன்றுதான் எங்களைப் போன்றவர்களுக்குத் திறந்திருக்கும் கதவு.

இளங்கோவன் எழுதியது:

அம்மா, உங்கள் தந்தையார் விஷயத்தில் நடந்தது வருத்தத்துக்குரியது. காரணம் எழுதி அனுப்ப வேண்டும் என்ற கோரிக்கையை நான் எந்தத் தயக்கமும் இன்றி ஆதரிக்கிறேன். மருத்துவர்களுக்கும் அது நல்லது. காரணம் சொல்லாத தீர்ப்பு நிரபராதியின் மேலும் சந்தேகத்தை விட்டுச்செல்கிறது.

ஆனால் ஒழுங்கு நடவடிக்கையில் எந்த அளவு நிரூபணம் வேண்டும் என்பதையும் பார்க்க வேண்டும். பல மாநிலங்களில், குற்றச்சாட்டு உண்மையாக இருப்பதற்கே வாய்ப்பு அதிகம் என்று தெரிந்தால் போதும். கலிபோர்னியா போன்ற இடங்களில் தெளிவான, ஐயத்துக்கு அதிகம் இடந்தராத சான்று தேவை. பதினைந்து ஆண்டு படிப்பும் பயிற்சியும் கொண்ட ஒருவரின் பிழைப்பைப் பறிப்பதற்கு இரண்டாவது அளவே நியாயமானது என்பது என் கருத்து. இதைத் தொழில்நலம் என்று மட்டும் பார்க்க வேண்டாம். புகாரை விசாரிப்பதும் வழக்குத் தொடுப்பதும் தீர்ப்புச் சொல்வதும் ஒரே வாரியமாக இருப்பது தன்னளவில் அரசியலமைப்புக்கு முரணில்லை என்று 1975இல் விஸ்கான்சின் வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அத்தனை அதிகாரம் ஓரிடத்தில் குவிந்திருக்கும்போது, நிரூபண அளவு ஒன்றுதான் மருத்துவருக்கு மிஞ்சும் காப்பு.

இன்னொரு விஷயம் என் மனத்தை மிகவும் வாட்டுவது. உரிம விண்ணப்பங்களில் 'எப்போதாவது மனநலப் பிரச்சினைக்குச் சிகிச்சை பெற்றதுண்டா?' என்ற கேள்வி பல மாநிலங்களில் நெடுங்காலம் இருந்துவந்தது. நியூயார்க்கில் அவசரப் பிரிவு மருத்துவராக இருந்த லோர்னா பிரீன் 2020 ஏப்ரலில், பெருந்தொற்றின் உச்சத்தில் உயிரை மாய்த்துக்கொண்டார். சிகிச்சைக்குப் போனால் உரிமம் போய்விடுமோ என்று அவர் அஞ்சினார் என்பதை அவருடைய குடும்பத்தினர் வெளிப்படையாகச் சொன்னார்கள். அவர் பெயரிலேயே 2022இல் ஒரு கூட்டாட்சிச் சட்டம் வந்தது. ஆனால் விண்ணப்பத்தின் வரிகளை மாற்ற வேண்டியவை மாநிலங்களே. பணியைப் பாதுகாப்பாகச் செய்ய முடியாதபடி இப்போது ஏதேனும் நிலை இருக்கிறதா என்று மட்டும் கேட்டால் போதும். கடந்தகாலச் சிகிச்சையைக் கேட்க வேண்டாம் என்பது மாநில மருத்துவ வாரியங்களின் கூட்டமைப்பே 2018இல் செய்த பரிந்துரை. பல வாரியங்கள் மாற்றிவிட்டன. மாற்றாத வாரியங்களும் இருக்கின்றன. என்னோடு பயிற்சி பெற்றவர்களில், ஊருக்குத் தொலைவில், காப்பீட்டைக் காட்டாமல் ரொக்கமாகப் பணம் கொடுத்து மனநல மருத்துவரைப் பார்த்தவர்கள் உண்டு. இதை வாரியத்தின் விருப்பத்துக்கு விடாமல் சட்டத்திலேயே எழுதிவிட வேண்டும்.

கயல்விழி எழுதியது:

மருத்துவர் ஐயாவுக்கு நன்றி. எங்கள் மாநிலச் செவிலியர் விண்ணப்பத்தை இப்போது எடுத்துப் பார்த்தேன். கடந்த ஐந்து ஆண்டுகளில் பெற்ற சிகிச்சையை இன்னும் கேட்கிறது. இந்தக் கேள்விக்குப் பதில் எழுதியபோது எனக்குக் கை நடுங்கியது நினைவிருக்கிறது. இது கட்டாயம் வரைவில் இருக்கும்.

அருள்மொழி எழுதியது:

நான் பிசியோதெரபிஸ்ட். சிறிய தொழில்களைப் பற்றிப் பேச யாரும் இல்லாததால் நான் எழுதுகிறேன்.

நோயாளி மருத்துவரின் பரிந்துரைச் சீட்டு இல்லாமல் எங்களிடம் நேராக வரலாம் என்பது இன்று 50 மாநிலங்களிலும் ஏதோ ஒரு வடிவில் சட்டமாகிவிட்டது. ஆனால் எத்தனை நாள், எத்தனை அமர்வு, எந்த வகைச் சிகிச்சை என்ற வரம்புகள் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுகின்றன. அந்த வரம்புகளைத் தளர்த்தும் ஒவ்வொரு மசோதாவின்போதும் விசாரணை அறையில் எதிர்த்துச் சாட்சியம் சொல்ல மற்றொரு தொழிலின் சங்கம் வந்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன். எல்லா வாரியங்களையும் ஒரே துறையின் கீழ் கொண்டுவர வேண்டும் என்று பேச்சு வந்தால் நான் ஆதரிப்பேன். இல்லினாய்ஸ், புளோரிடா போன்ற இடங்களில் அப்படி ஒரு பொதுத் துறை இருக்கிறது. புளோரிடாவில் வாரியம் தொழில் சார்ந்த முடிவுகளை எடுக்கும், அலுவலகமும் விசாரணை அலுவலர்களும் துறைக்குச் சொந்தம். டெக்சஸ் 2019இல் உளவியலாளர், ஆலோசகர், சமூகப் பணியாளர் ஆகியோரின் வாரியங்களை ஒரே பேரவையின் கீழ் கொண்டுவந்தது. சிறிய தொழில்களின் வாரியத்தில் இரண்டு மூன்று அலுவலர்களே இருப்பார்கள்; ஒருவர் விடுப்பில் போனால் விண்ணப்பங்கள் அப்படியே நிற்கும். கயல்விழி அவர்கள் முதலில் சொன்ன தாமதத்துக்கும் இது ஒரு காரணம்.

பொன்னுசாமி எழுதியது:

நான் டெக்சஸில் மருந்தாளுநராக இருந்து ஓய்வு பெற்றவன். காலவரம்பு மறுஆய்வைப் பற்றி ஒரு சொல்.

குறித்த ஆண்டுக்குள் சட்டமன்றம் புதுப்பிக்காவிட்டால் வாரியமே கலைந்துவிடும் என்ற ஏற்பாட்டை 1976இல் முதலில் சட்டமாக்கியது கொலராடோ. டெக்சஸ் அடுத்த ஆண்டே பின்பற்றி, பொதுவாகப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒவ்வொரு நிறுவனத்தையும் ஆராய்கிறது. 2017இல் எங்கள் சட்டமன்றம் வேறு சண்டைகளில் மூழ்கி, மருத்துவ வாரியம் உட்பட ஐந்து வாரியங்களின் புதுப்பிப்பை நிறைவேற்றாமலே கூட்டத்தொடரை முடித்துவிட்டது. அவற்றின் ஆயுளை நீட்டிப்பதற்காக ஆளுநர் சிறப்புக் கூட்டத்தொடரைக் கூட்ட வேண்டியதாயிற்று. ஒரு மாநிலம் முழுவதிலும் மருத்துவர்களுக்கு உரிமம் வழங்கவும் பறிக்கவும் அமைப்பே இல்லாமல் போகும் நிலை வாசல் வரை வந்து சென்றது. மறுஆய்வு நல்லது. ஆனால் அதை வேறு மசோதாவுக்குப் பணயமாக வைக்க முடியாதபடி, மறுஆய்வு முடியாவிட்டால் வாரியம் குறிப்பிட்ட காலம் தானாகத் தொடரும் என்று ஒரு வரி சட்டத்தில் இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கயல்விழி எழுதியது:

எங்கள் மசோதாவில், மாநிலங்களுக்கிடையிலான செவிலியர் உரிம உடன்படிக்கையில் சேரும் பிரிவும் இருக்கிறது. பலர் அதை மட்டும் கண்டு மகிழ்ந்து மற்றவற்றை விட்டுவிட்டார்கள். அது குறித்து யாராவது விளக்க முடியுமா?

மருதமுத்து எழுதியது:

இந்த உடன்படிக்கை 2000ஆம் ஆண்டில் தொடங்கி, திருத்திய வடிவில் 2018 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. நாற்பதுக்கும் மேற்பட்ட மாநிலங்கள் சேர்ந்திருக்கின்றன. 2024 முடியும் வரை கலிபோர்னியாவும் நியூயார்க்கும் சேரவில்லை. வசிக்கும் மாநிலம் வழங்கும் ஒரே உரிமத்தோடு மற்ற உறுப்பு மாநிலங்களிலும் பணிபுரியலாம். வேறோர் உறுப்பு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தால் 60 நாட்களுக்குள் அங்கே விண்ணப்பிக்க வேண்டும். இந்தப் பன்மாநில உரிமத்துக்குக் கைரேகைச் சோதனையும் சமூகப் பாதுகாப்பு எண்ணும் தேவை. இந்தியாவிலிருந்து புதிதாக வருபவர்களில் பலரிடம் அந்த எண் தொடக்கத்தில் இருக்காது என்பதால், அவர்களுக்கு ஒரு மாநிலத்தில் மட்டும் செல்லும் உரிமம் தொடர்ந்து கிடைக்க வேண்டும் என்று எழுதுங்கள்.

மருத்துவர்களுக்கான உடன்படிக்கை இதிலிருந்து வேறுபட்டது. அதில் ஒரே உரிமம் எல்லா இடத்திலும் செல்லாது; தகுதியை ஒரு மாநிலம் சரிபார்த்துச் சான்றளிக்கும், மற்ற மாநிலங்கள் ஒவ்வொன்றும் தனித்தனியே விரைவாக உரிமம் வழங்கும். கட்டணமும் தனித்தனி.

இரண்டிலும் கவனிக்க வேண்டியது, உடன்படிக்கையை நடத்தும் ஆணையம் இயற்றும் விதிகள் உறுப்பு மாநிலங்களில் சட்டத்தின் வலிமையைப் பெறுகின்றன. செவிலியர் உடன்படிக்கையின் ஆணையத்தில் அமர்பவர் பொதுவாக வாரியத்தின் நிர்வாகத் தலைவரே. ஆகவே மேற்பார்வை என்ற கேள்வி இங்கும் வந்து சேருகிறது. அவர் அங்கே எப்படி வாக்களித்தார் என்பதை வாரியத்தின் திறந்த கூட்டத்தில் அறிவிக்கும்படி மாநிலச் சட்டத்தில் சேர்க்கச் சொல்லலாம்.

கயல்விழி எழுதியது:

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. வரைவின் சுருக்கத்தை இங்கே இடுகிறேன். பிழை இருந்தால் சொல்லுங்கள்.

வாரியத்தில் தொழில் அறிவுள்ளவர்கள் இருக்கட்டும். ஆனால் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் பொதுமக்கள் இருக்க வேண்டும். உரிமம் இல்லாதவர்களைத் தொழிலை நிறுத்தச் சொல்லும் கடிதங்களும், தொழிலின் எல்லையை விரிவாக்கும் விளக்கங்களும், தொழிலில் இல்லாத ஒரு மாநில அலுவலரின் பரிசீலனைக்குப் போக வேண்டும். அவருக்கு மாற்றவும் ரத்து செய்யவும் அதிகாரம் இருக்க வேண்டும். புகார் செய்தவரிடம் பேசாமல் கோப்பை மூடக் கூடாது. மூடினால் காரணம் எழுத வேண்டும். விண்ணப்பத்தில் கடந்தகால மனநலச் சிகிச்சையைக் கேட்கக் கூடாது. ஒரு விண்ணப்பத்தில் எந்த ஆவணம் எந்தத் தேதியில் வந்தது, எது வரவில்லை என்பதை வாரியம் விண்ணப்பதாரருக்குத் தெரிவிக்கவும், ஆவணங்கள் முழுமையான பிறகு குறிப்பிட்ட நாட்களுக்குள் முடிவு சொல்லவும் வேண்டும். மறுஆய்வு முடியாவிட்டால் வாரியம் தானாகத் தொடரும் என்ற பாதுகாப்பு வேண்டும்.

நிரூபண அளவைப் பற்றி நான் இன்னும் முடிவுக்கு வரவில்லை.

தாமரைச்செல்வி எழுதியது:

மூன்றில் ஒரு பங்கு போதாது என்றே நினைக்கிறேன். ஆனால் எங்கள் மாநிலத்தில் இருந்ததைவிட அது மேலானது. நிரூபண அளவை உயர்த்தச் சொன்னால் இந்தக் கருத்துரையில் என் பெயரைச் சேர்க்க வேண்டாம்.

இளங்கோவன் எழுதியது:

அம்மாவின் நிலையைப் புரிந்துகொள்கிறேன். உரிமத்தைப் பறிக்கும் நடவடிக்கைக்கு மட்டும் உயர்ந்த அளவும், கண்டனம், கூடுதல் பயிற்சி, மேற்பார்வையில் பணி போன்றவற்றுக்குச் சாதாரண அளவும் என்று பிரித்தால் அவர்கள் ஏற்பார்களா? அப்படிப் பிரித்தால், பெரிய தண்டனைக்குச் சான்று போதவில்லை என்று புகாரை முழுவதுமாக மூடிவிடும் வழக்கமும் குறையக்கூடும்.

தாமரைச்செல்வி எழுதியது:

அது எனக்குப் புதிய எண்ணம். என் தந்தையார் விஷயத்தில் யாருடைய உரிமத்தையும் பறிக்க நாங்கள் கேட்கவில்லை. அந்த மருத்துவர் அடுத்த நோயாளியிடம் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும் என்றுதான் கேட்டோம். அந்தப் பிரிவை அப்படி எழுதினால் என் பெயரைச் சேர்க்கலாம்.

மருதமுத்து எழுதியது:

இரண்டு அளவுகளும் எந்தெந்த நடவடிக்கைக்கு என்று மசோதாவின் பிரிவு எண்களோடு குறிப்பிடுங்கள். பொதுவாக எழுதினால் குழுவின் சட்ட அலுவலர்கள் அதைத் தனித் திருத்தமாக வரைய மாட்டார்கள். பொதுமக்கள் பிரதிநிதிகளின் பங்கு குறித்து உங்களுக்குள் உடன்பாடு இல்லையென்றால் இரண்டு கருத்துகளையும் தனித்தனிப் பத்தியில், யார் எதை ஆதரிக்கிறார்கள் என்று எழுதிவிடுங்கள். ஒரே மாதிரி அச்சடித்த நூறு கடிதங்களைவிட அத்தகைய ஒன்றைக் குழுவினர் நின்று படிப்பார்கள். நாளை மாலைக்குள் முழு வரைவையும் இங்கே இட்டால், பிரிவு எண்களை நான் சரிபார்த்துத் தருகிறேன்.